மே மாதம், ஐந்து பேர், 20,000 ரூபாய்: எங்கே போகலாம்?

அம்பத்தூர்வாசி | 18 மார்ச் 2025, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு வருடமாகப் பிள்ளைகளிடம் "அடுத்த லீவுக்குப் போகலாம்" என்று சொல்லித் தப்பித்துவிட்டேன். இந்த வருடம் தப்ப முடியாது. மூத்தவள் காலண்டரில் மே மாதத்தையே வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

நாங்கள் ஐந்து பேர். நான், மனைவி, அம்மா (67 வயது, முழங்கால் வலி, படி ஏறினால் அன்று இரவு தூக்கம் கிடையாது), மகள் 11, மகன் 4. சொந்த வண்டி பைக் மட்டும்தான். கையில் 20,000 ரூபாய் இருக்கிறது, மனைவி கட்டிய ஏலச்சீட்டுப் பணம். அதற்கு மேல் ஒரு ரூபாய் கூடக் கடன் வாங்குவதாக இல்லை. கம்பெனியில் மே 19 முதல் 23 வரை லீவு சொல்லியிருக்கிறேன்.

குளிர்ச்சியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். என் மனதில் ஓடுவது: ஊட்டி ஒரு நாள், குன்னூர் அரை நாள், முதுமலை ஒரு நாள், அப்படியே மைசூர் ஒரு நாள், திரும்பும்போது ஏற்காடு. சாத்தியமா?

---

வத்தக்குழம்பு | 18 மார்ச், இரவு 9.52

சாத்தியம்தான் தம்பி. பேருந்து ஜன்னல் வழியாக எல்லா ஊரையும் பார்த்துவிடலாம்.

போன வருடம் எங்கள் தெருவில் ஒரு டிராவல்ஸ்காரர் நாலு நாளில் மூன்று மலை என்று நோட்டீஸ் கொடுத்தார். தலைக்கு 4,500, சாப்பாடு சேர்த்து. மலிவாக இருக்கிறதே என்று போனோம். நாலு நாளில் வேனுக்குள் எத்தனை மணி நேரம் இருந்தோம் என்று என் பெண் எழுதி வைத்தாள்: 41. ஒவ்வொரு இடத்திலும் "முக்கால் மணி நேரம், சீக்கிரம் வந்துடுங்க" என்று இறக்கிவிடுவார்கள். அதில் பாதி நேரம் கழிப்பறை வரிசைக்கே போய்விடும். கொண்டை ஊசி வளைவில் ஒரு குழந்தை வாந்தி எடுத்தால் அடுத்த மூன்று குழந்தைகளும் எடுக்கும். நான் கொண்டுபோன பிளாஸ்டிக் கவர் எல்லாம் தீர்ந்து, கடைசியில் என் துண்டைக் கொடுத்தேன்.

ஒரு ஊரைப் பிடித்து அங்கேயே உட்காருங்கள்.

---

குமரிக்காரன் | 18 மார்ச், இரவு 10.15

எங்க ஊருக்கு வாங்க அண்ணே. எல்லாரும் மலை மலை என்று ஓடுவதால் குமரி மாவட்டம் ஒரு நாள் சூரிய உதயத்தோடு முடிந்துவிடுகிறது. நாகர்கோவிலில் ரூம் போட்டால் கன்னியாகுமரியில் கேட்கும் வாடகையை விடக் கம்மி. திற்பரப்பு அருவி, மாத்தூர் தொட்டிப்பாலம் (1966இல் கட்டியது, 115 அடி உயரம், மேலே நடந்துபோனால் கீழே தென்னந்தோப்பு முழுக்கத் தெரியும்), பத்மநாபபுரம் அரண்மனை, முட்டம். எல்லாவற்றுக்கும் டவுன் பஸ் உண்டு. வள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவே போன டிசம்பரில் கண்ணாடிப் பாலம் வேறு திறந்திருக்கிறார்கள், 77 மீட்டர். முன்பெல்லாம் அலை அதிகம் என்று வள்ளுவரைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். இப்போது பாறை வரைக்கும் படகு போனால் போதும்.

ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள், அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. இருப்பது தமிழ்நாட்டில், பூட்டும் சாவியும் கேரள அரசிடம். அந்தக் கதை தெரியாமல் திங்கட்கிழமை வந்து கதவைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் வாரம் ஐம்பது பேராவது இருப்பார்கள்.

---

அம்பத்தூர்வாசி | 18 மார்ச், இரவு 10.21

அண்ணே, கேட்க ஆசையாக இருக்கிறது. ஆனால் மே மாதம் கடலோரம் என்றால் வியர்வை? மகள் ஸ்வெட்டர் போட வேண்டும் என்கிறாள். அவளிடம் ஸ்வெட்டரே கிடையாது, அது வேறு விஷயம்.

---

குமரிக்காரன் | 18 மார்ச், இரவு 10.24

வியர்க்கும். பொய் சொல்ல மாட்டேன்.

---

கொல்லிமலைத்தேனீ | 18 மார்ச், இரவு 10.40

கொல்லிமலை ப்ரோ! கூட்டமே இல்லை. மலைக்கு வண்டியில் போக இ-பாஸ் (இணைய அனுமதிச் சீட்டு) எடுக்கும் தொல்லை இல்லை. 70 கொண்டை ஊசி வளைவு, பைக்கில் போனால் சொர்க்கம். ஆகாய கங்கை அருவியில் குளித்துவிட்டு வந்தால் ஒரு வருடத்துக்கு அலுப்பே தெரியாது.

---

வத்தக்குழம்பு | 18 மார்ச், இரவு 10.44

ஆகாய கங்கைக்கு ஆயிரம் படிக்கு மேல் இறங்க வேண்டும் தம்பி. இறங்கினதை ஏறவும் வேண்டும். அவர் அம்மாவுக்கு முழங்கால் வலி என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார்.

---

கொல்லிமலைத்தேனீ | 18 மார்ச், இரவு 10.46

சாரி அக்கா. எழுபது வளைவைப் பார்த்த வேகத்தில் அறுபத்தேழு வயதை விட்டுவிட்டேன்.

---

ரயில்கிறுக்கன் | 18 மார்ச், இரவு 11.05

எந்த ஊர் என்று நாளை மறுநாள் முடிவு செய்யலாம் என்று நினைக்காதீர்கள் சார். நாளைக் காலை 8 மணிக்கே முடிவு தெரிந்தாக வேண்டும்.

முன்பதிவு முன்பு போல 120 நாள் இல்லை, போன நவம்பரிலிருந்து 60 நாள்தான். மே 18 ஞாயிறு இரவு கிளம்புவதாக இருந்தால் அதற்கு நாளைக் காலைதான் திறக்கிறது. சென்னை சென்ட்ரலில் இரவு 9 மணி வாக்கில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலை ஆறேகால் வாக்கில் மேட்டுப்பாளையத்தில் விடும். ஞாயிறு இரவு கிளம்புவதில் ஒரு லாபம் இருக்கிறது. வார இறுதிக்கு மலைக்குப் போனவர்கள் எல்லாம் அன்றைக்குத்தான் கீழே இறங்குவார்கள், நீங்கள் எதிர்த்திசையில் போவீர்கள்.

சின்னவனுக்கு 5 ஆகவில்லை, டிக்கெட் வேண்டாம். மகளுக்கு 11, தனி பெர்த் கேட்டால் முழுக் கட்டணம். பெர்த் வேண்டாம் என்றால் பாதி, ஆனால் இரவு முழுக்க யார் மடியில் படுப்பாள்? நாலு டிக்கெட் எடுங்கள். ஸ்லீப்பர் தலைக்கு 350க்குள் வரும். மூத்தோர் சலுகை 2020 மார்ச்சிலேயே போய்விட்டது, அதை எதிர்பார்க்காதீர்கள்.

அம்மாவுக்குக் கீழ் பெர்த்: ஐஆர்சிடிசியில் பெயர் எல்லாம் நிரப்பிய பிறகு கீழே "ஒரு லோயர் பெர்த்தாவது கிடைத்தால் மட்டும் பதிவு செய்" என்கிற மாதிரி ஒரு தேர்வு இருக்கும். பலரும் அதைப் பார்ப்பதே இல்லை. அதை டிக் செய்யுங்கள். பெயர், வயது எல்லாம் இன்று இரவே மாஸ்டர் லிஸ்டில் ஏற்றிவிடுங்கள். காலை 8 மணிக்கு உட்கார்ந்து எழுத்துக்கூட்டினால் 8.04க்கு வெயிட்டிங் லிஸ்ட்தான்.

திரும்புவதற்கு மே 22 வியாழன் இரவு என்றால் அது மார்ச் 23 காலை திறக்கும். மறந்துவிடாதீர்கள். போவதற்கு எடுத்துவிட்டு வருவதை மறந்தவர்கள் கதை என்னிடம் நிறைய இருக்கிறது.

---

அம்பத்தூர்வாசி | 19 மார்ச், காலை 8.09

எடுத்துவிட்டேன்! எஸ்5, நாலு பெர்த், ஒன்று லோயர். தலைக்கு 345. கை இன்னும் நடுங்குகிறது. ரயில்கிறுக்கன் சார், நீங்கள் சொல்லவில்லை என்றால் ஏப்ரலில்தான் யோசித்திருப்பேன்.

ஆக, நீலகிரி. ஆனால் இ-பாஸ் விஷயம் என்ன? செய்தியில் ஏதோ எண்ணிக்கை சொன்னார்கள்.

---

குன்னூர்க்காரி | 19 மார்ச், காலை 10.30

இந்த ஊர்க்காரி வருகிறேன், சொல்கிறேன்.

நீதிமன்ற உத்தரவுப்படி ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டிதான் மேலே வரலாம். அது கார், வேன் வைத்துக்கொண்டு வருகிறவர்களுடைய கவலை. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வருகிறவர்களுக்கு இ-பாஸ் கிடையாது. மேட்டுப்பாளையத்தில் இறங்கிப் பேருந்து ஏறினால் உங்களை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், பையில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்பதைத் தவிர. இங்கே அது தடை. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள், வழியெல்லாம் குடிநீர் ஏடிஎம் இருக்கிறது, சில்லறை போட்டால் நிரப்பிக்கொள்ளலாம்.

இப்போது முக்கியமான விஷயம். மே மாதத்தில் ஊட்டியில் தங்காதீர்கள். மலர்க்காட்சி நேரத்தில் சாதாரண அறைக்கே இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கேட்பார்கள். குன்னூரில் தங்குங்கள். உயரம் கொஞ்சம் குறைவு, அதனால் குளிர் அம்மா தாங்குகிற அளவில் இருக்கும். ஊட்டி 19 கிலோமீட்டர்தான், ஒரு நாள் போய்விட்டு வரலாம்.

உள்ளூர்ச் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம், மலைப் பகுதிக்கும் அது வந்துவிட்டது. எல்லாப் பேருந்திலும் இல்லை, கண்டக்டரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

---

கணக்கு_வாத்தியார் | 19 மார்ச், பகல் 11.15

ஓய்வு பெற்றவன், கணக்குப் போடுவதுதான் பொழுதுபோக்கு. போட்டுப் பார்த்தேன்.

ரயில் இரு வழியும் சேர்த்து 2,800 என்று வைத்துக்கொள்வோம். அம்பத்தூர் – சென்ட்ரல், மேட்டுப்பாளையம் – குன்னூர் போக வர 600. அறை மூன்று இரவு, ஐந்து பேருக்கு ஒரே பெரிய அறை, 2,500 வீதம் 7,500. சாப்பாடு நாலு நாள், நாளுக்கு 1,300 வீதம் 5,200. ஆக 16,100. மீதி 3,900.

அந்த 3,900இல் 1,500ஐத் தனிக் கவரில் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். காய்ச்சல், ரயில் தவறுவது, செருப்பு அறுவது, எதுவாக இருந்தாலும் அதிலிருந்துதான். ஊர் சுற்ற 2,400 மட்டும். இந்த 2,400தான் ஆபத்தான இடம். ரயிலும் அறையும் எவ்வளவு என்று வீட்டிலேயே தெரியும். ஊர் சுற்றும் டாக்ஸி அங்கே போன பிறகுதான் வாயைத் திறக்கும். ஐந்து இடம், ஏழு இடம், பத்து இடம் என்று அட்டை காட்டுவார்கள். பத்து இடத்தில் நாலு இடம் கடையாக இருக்கும்.

---

அடுப்பில்லாமல்_முடியாது | 19 மார்ச், மாலை 4.20

சாப்பாட்டுக்கு 5,200 அநியாயம். நாங்கள் எங்கே போனாலும் இண்டக்ஷன் அடுப்பு, குக்கர், அரிசி, பருப்பு, பொடி வகை எல்லாம் ஒரு பையில் கட்டிக்கொண்டு போவோம். அறையிலேயே சமைத்துவிடலாம். நாலு நாளைக்கு 1,000 ரூபாய் தாண்டாது. 4,000 மிச்சம்! வீட்டுச் சாப்பாடு, வயிற்றுக்கும் நல்லது.

---

வத்தக்குழம்பு | 19 மார்ச், மாலை 4.31

யார் சமைப்பது?

---

அடுப்பில்லாமல்_முடியாது | 19 மார்ச், மாலை 4.35

என் வீட்டம்மாதான். அவருக்கு அது கஷ்டமே இல்லை.

---

வத்தக்குழம்பு | 19 மார்ச், மாலை 4.36

அவரைக் கூப்பிட்டு இங்கே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

---

அம்பத்தூர்வாசி | 19 மார்ச், இரவு 9.10

நான் அவர் மனைவி எழுதுகிறேன். இவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நேற்றிலிருந்து எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எனக்கு ஊட்டி பார்க்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. காலையில் எழுந்ததும் "இன்னைக்கு என்ன டிபன்" என்று யாரும் கேட்காத மூன்று நாள் வேண்டும். சீட்டுப் பணம் என்னுடையது. அடுப்பு வராது.

போகும் ரயிலுக்குப் புளியோதரை கட்டுவேன், அது கூட முதல் நாள் மத்தியானமே செய்துவைக்கிற வேலை. திரும்பி வரும்போது கடையில்தான்.

---

அடுப்பில்லாமல்_முடியாது | 19 மார்ச், இரவு 9.25

சரிங்க சகோதரி. என் வீட்டம்மாவும் பின்னால் நின்று படித்துவிட்டார். எங்கள் வீட்டு அடுப்பின் எதிர்காலமும் இப்போது சந்தேகத்தில் இருக்கிறது.

---

சொந்தபந்தம் | 20 மார்ச், காலை 7.50

எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் காலத்தில் லீவு என்றால் ஆத்தா வீடு, சித்தி வீடு. கிணற்றில் குதிப்போம், நுங்கு வெட்டுவோம், ஒரு மாதம் ஓடிவிடும். ஒரு பைசா செலவில்லை. இப்போது எதற்கு இந்த லாட்ஜும் டாக்ஸியும்? சொந்தக்காரர் வீடு இல்லாத ஊரா?

---

கணக்கு_வாத்தியார் | 20 மார்ச், காலை 8.30

செலவில்லை என்று சொல்லாதீர்கள். நமக்குச் செலவில்லை, சித்திக்குச் செலவு. என் அக்கா வீட்டுக்கு மே மாதம் நாங்கள் ஆறு பேர் போவோம். அவள் அரிசிக்காரரிடம் கடன் சொன்னது எனக்கு முப்பது வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

---

சொந்தபந்தம் | 20 மார்ச், காலை 8.41

அது சரி ஐயா. நான் அப்படி யோசித்ததில்லை.

---

ஏமாந்த_சோணகிரி | 20 மார்ச், இரவு 10.05

அறை போடும் முன் என் கதையைக் கேளுங்கள். இரண்டு வருடத்துக்கு முன், ஒரு மலையூரில் அறை தேடினேன். இணையத்தில் ஒரு லாட்ஜ் பெயர் போட்டுத் தேடினால் முதலில் ஒரு செல்பேசி எண் வந்தது. அழைத்தேன். நல்ல மரியாதையாகப் பேசினார், அறைப் படம், குளியலறைப் படம், பால்கனிப் படம் அனுப்பினார். "சீசன் சார், பாதி அட்வான்ஸ் போட்டால்தான் பிடித்து வைக்க முடியும்" என்றார். யூபிஐயில் 4,000 அனுப்பினேன். பணம் போன பெயர் லாட்ஜ் பெயர் இல்லை, ஏதோ ஒரு ஆள் பெயர். அப்போதே உறைத்திருக்க வேண்டும். "ஓனர் மகன் சார்" என்றார், நம்பிவிட்டேன்.

இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளை குட்டிகளோடு போய் நின்றால், வரவேற்பறையில் இருந்தவர் என்னைப் பார்த்த பார்வையே வேறு. "நீங்க இந்த வாரம் மூணாவது ஆள் சார்" என்றார். அந்த எண்ணுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை.

பாவம், அவரே ஒரு பெஞ்சும் இரண்டு கம்பளியும் கொடுத்தார். அதற்கு இன்றைக்கும் நன்றி.

---

குன்னூர்க்காரி | 21 மார்ச், காலை 9.15

இது எல்லா சீசனிலும் நடக்கிறது. அரசு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு என்றால் அவர்களுடைய சொந்தத் தளத்திலேயே பதிவு செய்யலாம், அங்கே பயமில்லை. தனியார் விடுதி என்றால் வீடியோ அழைப்பில் வாசலையும் பெயர்ப் பலகையையும் காட்டச் சொல்லுங்கள். உண்மையான ஆள் சிரித்துக்கொண்டே காட்டுவார். ஏமாற்றுக்காரருக்கு அந்த நேரம் பார்த்து டவர் கிடைக்காது.

இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, அறைக்கு எத்தனை படி? குன்னூரில் எல்லா வீடும் சரிவில்தான் இருக்கிறது. "தரைத்தளம்" என்பார்கள், சாலையிலிருந்து நாற்பது படி கீழே இருக்கும். அம்மாவுக்கு அது ஆகாது. இரண்டாவது, செக் அவுட் 24 மணி நேரமா, பகல் 12 மணியா? நீங்கள் திங்கள் காலை ஒன்பது மணிக்கெல்லாம் வந்து நிற்பீர்கள். 12 மணிக் கணக்கு என்றால் மூன்று மணி நேரம் பேருந்து நிலையத்தில் உட்கார வேண்டும், இல்லையென்றால் கூட ஒரு நாள் வாடகை.

---

அம்பத்தூர்வாசி | 6 ஏப்ரல், இரவு 8.30

அறை போட்டாயிற்று. 2,200 வீதம் மூன்று இரவு, 24 மணி நேரக் கணக்கு, சாலையிலிருந்து ஆறே படி. வீடியோவில் ஒவ்வொரு படியாக எண்ணச் சொன்னேன். அந்தப் பையன் எண்ணிக் காட்டினான். நான்கு கட்டில், ஒரு மெத்தை தரையில். வரும் ரயிலும் எடுத்துவிட்டேன்.

இப்போது மூன்று நாளில் என்ன பார்ப்பது? மேட்டுப்பாளையத்திலிருந்து பொம்மை ரயிலில் போகலாம் என்று மகள் கேட்கிறாள்.

---

ரயில்கிறுக்கன் | 6 ஏப்ரல், இரவு 9.00

அதற்கு மே மாதத்தில் டிக்கெட் கிடைத்தால் லாட்டரி சீட்டும் வாங்கிவிடுங்கள். 7.10க்குக் கிளம்பும் ஒரே வண்டி, இடம் குறைவு, திறந்த நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

ஆனால் இதற்கு ஏழைகள் வழி ஒன்று இருக்கிறது, இரண்டு பகுதி. முதல் பகுதி, குன்னூர் – ஊட்டி ரயில். அதே குட்டிப் பெட்டி, அதே தண்டவாளம், ஒரு நாளில் சில முறை ஓடுகிறது, முன்பதிவில்லா டிக்கெட்டும் கொடுப்பார்கள். முக்கால் மணி நேரம் முன்னாலேயே போய் வரிசையில் நில்லுங்கள். போவது ரயில், வருவது பேருந்து.

இரண்டாவது பகுதிதான் எனக்குப் பிடித்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டி பத்தரை மணி வாக்கில் குன்னூர் வரும். கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான், ஏற்றத்தில் வழுக்காமல் பிடித்து ஏற, பல்சக்கரம். நீராவி எஞ்சின் பின்னால் நின்று முட்டித் தள்ளிக்கொண்டே வரும். குன்னூரில் அதைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் மாட்டுவார்கள். 10 ரூபாய் பிளாட்பார டிக்கெட்டில் அரை மணி நேரம் அதைப் பார்க்கலாம். பையனுக்கு நாலு வயது என்றீர்கள். என்னை நம்புங்கள்.

---

குன்னூர்க்காரி | 7 ஏப்ரல், காலை 10.00

சிம்ஸ் பூங்கா 1874இல் அமைத்தது, பள்ளத்தாக்குச் சரிவிலேயே இருக்கிறது. வாசலில் நின்று பார்த்தால் அழகாகக் கீழே இறங்கிக்கொண்டே போகும். அம்மாவை மேலேயே ஒரு பெஞ்சில் உட்கார வையுங்கள், பழைய மரங்கள் எல்லாம் அங்கிருந்தே தெரியும். லாம்ஸ் ராக், டால்பின் மூக்கு என்று மலை விளிம்பில் இரண்டு காட்சி முனை, இரண்டுக்கும் ஒரே வழி. இதற்கு மட்டும் அரை நாள் ஜீப் பேசுங்கள். காலை எட்டு மணிக்கே போய்விட வேண்டும், பதினொரு மணிக்கு மேல் மூடுபனி வந்து மூக்கும் தெரியாது காதும் தெரியாது. மூன்றாவது நாள் ஒன்றும் வைக்காதீர்கள்.

மலர்க்காட்சி மே 15 முதல் 25 வரை இருக்கும் என்கிறார்கள். நீங்கள் வரும் நாள் அதற்குள்தான். ஊட்டித் தாவரவியல் பூங்காவுக்குப் போவதாக இருந்தால் கூட்டத்துக்குத் தயாராகப் போங்கள்.

---

அம்பத்தூர்வாசி | 7 ஏப்ரல், காலை 10.20

மூன்றாவது நாள் ஒன்றும் வைக்காமல் என்ன செய்வது?

---

குன்னூர்க்காரி | 7 ஏப்ரல், காலை 10.22

உட்காருவது.

---

அம்பத்தூர்வாசி | 27 மே, இரவு 9.00

வந்துவிட்டோம். வெள்ளிக்கிழமை காலையே வந்தாயிற்று, துணி துவைத்து முடிக்கவே இத்தனை நாள். நாங்கள் மலையை விட்டு இறங்கிய மறுநாளின் மறுநாளே கேரளத்தில் பருவமழை தொடங்கிவிட்டதாம், 25, 26 நீலகிரிக்கு ரெட் அலர்ட். ஒரு வாரம் தள்ளிப் போட்டிருந்தால் அறைக்குள்ளேயே இருந்திருப்போம்.

முதலில் வாத்தியார் ஐயாவுக்குக் கணக்கு. ரயில் 2,760. பேருந்து, ஆட்டோ, லோக்கல் ரயில் 840. அறை 6,600. சாப்பாடு 5,930 (ஐயா, மழை பெய்தால் பஜ்ஜி தின்னாமல் இருக்க முடியவில்லை). ஜீப் 1,800. பூங்கா, பொம்மை ரயில், பிளாட்பார டிக்கெட் எல்லாம் 610. வர்க்கி பிஸ்கட், தேயிலை, மகளுக்கு ஒரு குரங்குக் குல்லா 1,240. மருந்துக் கடை 85. மொத்தம் 19,865. அம்மாவிடம் கொடுத்த கவரில் 1,500 வைத்தேன். பஜ்ஜிக்கும் வர்க்கிக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டியதாயிற்று, 135 திரும்பி வந்திருக்கிறது. ஸ்வெட்டர் வாங்கவில்லை, மாடி வீட்டு அக்காவிடம் இரவல்.

சறுக்கல்களும் உண்டு. மேட்டுப்பாளையத்தில் பேருந்து கிளம்பும் முன் சின்னவனுக்குப் பால் வாங்கிக் கொடுத்தேன். பர்லியாறு தாண்டுவதற்குள் அந்தப் பால் என் சட்டைக்கு வந்துவிட்டது. ஊட்டிக்குப் போன நாள் பூங்கா வாசல் வரிசையைப் பார்த்துவிட்டு உள்ளே போகவே இல்லை. மகள் அரை மணி நேரம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தாள், பிறகு சுட்ட சோளக்கதிர் வாங்கிக் கொடுத்ததும் சமாதானம். டால்பின் மூக்கில் வெள்ளையாகப் பனி, ஒன்றும் தெரியவில்லை. எட்டு மணிக்குப் போகச் சொன்னார்கள், நாங்கள் பத்தரைக்குப் போனோம். தப்பு எங்களுடையது.

ரயில்கிறுக்கன் சார், உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கே குன்னூர் ஸ்டேஷனில் உட்கார்ந்துவிட்டோம். அம்மாவுக்கு நல்ல பெஞ்ச். முதலில் சத்தம் கேட்டது, அப்புறம் மரத்துக்கு மேல் புகை, அப்புறம் வண்டி. எஞ்சினைக் கழற்றித் தனியாக ஓட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் பிடித்தார்கள். அந்தத் தடித்த குழாயிலிருந்து தண்ணீர் விழுவதைப் பார்த்து சின்னவன் கேட்டான், "ரயிலுக்கு அவ்வளவு தாகமா?" எஞ்சினில் இருந்தவர் அதைக் கேட்டுவிட்டு இவனுக்காக ஒரு சின்ன விசில் ஊதினார். அன்றைக்கு முழுக்க வேறு பேச்சே இல்லை. புதன்கிழமை, வியாழக்கிழமை காலையும் அதே பெஞ்சுக்குத்தான் போனோம். நாங்கள் பார்த்ததிலேயே அதிக நேரம் பார்த்த இடம் அந்தப் பிளாட்பாரம்தான்.

---

ரயில்கிறுக்கன் | 27 மே, இரவு 9.12

சார், மூன்று நாளுமா? எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது.

---

வத்தக்குழம்பு | 27 மே, இரவு 9.30

சீட்டுப் பணத்தின் சொந்தக்காரர் எப்படி இருந்தார் என்று ஒரு வரி கூட இல்லையே?

---

அம்பத்தூர்வாசி | 27 மே, இரவு 9.48

நானே எழுதுகிறேன் அக்கா. இவர் துணி மடித்துக்கொண்டிருக்கிறார்.

மூன்றாவது நாள் இவர்கள் எல்லாரும் ரயில் பார்க்கப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. லாட்ஜ் பையன் டீயும் வர்க்கியும் கொண்டுவந்து வைத்தான். ஜன்னலுக்கு எதிரே தேயிலைச் சரிவு, மழை வரும் போலவும் வராது போலவும் இருந்தது. டீயைச் சூடு ஆறும் முன் குடித்து எத்தனை வருடம் ஆகிறது என்று யோசித்தேன். சரியாக ஞாபகம் வரவில்லை. பெரியவள் பிறக்கும் முன்னால் இருக்கும்.

ஜூனிலிருந்து அதே சீட்டில் மறுபடி சேர்ந்திருக்கிறேன்.

குமரிக்கார அண்ணாவிடம் என் மாமியார் ஒன்று கேட்கச் சொன்னார். அந்த அரண்மனையில் மொத்தம் எத்தனை படி ஏற வேண்டியிருக்கும்?

---

குமரிக்காரன் | 27 மே, இரவு 9.55

மரப்படி, கொஞ்சம் செங்குத்து. எத்தனை என்று வாயில் வந்ததைச் சொல்ல மாட்டேன். நேரில் போய் எண்ணிக்கொண்டு வந்து எழுதுகிறேன். நாளைக்கு புதன்கிழமைதான், திறந்திருக்கும்.